மாடல் கிட் வாங்க பக்கத்து கடையா, ஆன்லைனா? பிரிட்டன் ஹாபி கடைகளின் கதை சொல்லும் கணக்கு என்ன?

2024 ஜனவரியில் பிரிட்டனின் மாடல் ரயில் பிரியர்களுக்கு ஒரு அதிர்ச்சிச் செய்தி வந்தது. 1946-ல் லிவர்பூலில் தொடங்கப்பட்ட ஹாட்டன்ஸ் நிறுவனம், வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. கடைகள் மூடுவது என்ன புதுசா என்று கேட்கலாம். ஆனால் ஹாட்டன்ஸ், காலத்துக்கு ஏற்ப மாறத் தெரியாமல் தேங்கிப்போன கடை இல்லை. ஆன்லைனில் மாடல் ரயில் விற்பதில் அந்த நாட்டின் பெரிய பெயர்களில் ஒன்று.

"ஆன்லைன் வந்துச்சு, கடைகள் போச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடும் கதை இது இல்லை என்பதற்கு இதுவே சாட்சி. கடையில் வாங்கினால் என்ன லாபம், ஆன்லைனில் வாங்கினால் என்ன லாபம், யாருக்கு என்ன நஷ்டம்? பிரிட்டன் அனுபவத்தை வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், மாடல் கிட் என்றால் என்ன?

விமானம், கப்பல், டாங்க், கார் போன்றவற்றை அளவில் சுருக்கி, பிளாஸ்டிக் பாகங்களாகப் பெட்டியில் போட்டுத் தருவதுதான் மாடல் கிட். 1/72 என்று பெட்டியில் போட்டிருந்தால், நிஜ விமானத்தைவிட 72 மடங்கு சிறியது என்று அர்த்தம். பாகங்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை வெட்டி எடுத்து, உரசி, பசை போட்டு ஒட்டி, பெயின்ட் அடித்து, கடைசியில் ஸ்டிக்கர் மாதிரியான அடையாளங்களை ஒட்ட வேண்டும்.

அதாவது பெட்டியை வாங்கியதும் வேலை முடிவதில்லை, அப்போதுதான் ஆரம்பிக்கிறது. பசை, பெயின்ட், பிரஷ், கத்தி, உப்புத்தாள் எல்லாம் தனியாக வாங்க வேண்டும். இந்தப் பொழுதுபோக்கின் வியாபாரத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் முக்கியம். கடைசி வரை இது திரும்பத் திரும்ப வரும்.

2 ஷில்லிங் கப்பலும் கடைத்தெருவும்

பிரிட்டனில் மாடல் கிட் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வரும் பெயர் ஏர்ஃபிக்ஸ். 1939-ல் நிக்கோலஸ் கோவ் என்ற ஹங்கேரிக்காரர் தொடங்கிய நிறுவனம். ஆரம்பத்தில் காற்றடைத்த ரப்பர் பொம்மைகளைத்தான் செய்தார்கள். 1952-ல் 'கோல்டன் ஹைண்ட்' என்ற கப்பலின் சிறிய கிட்டை வெளியிட்டார்கள். அட்டைப்பெட்டி கூட கிடையாது, பிளாஸ்டிக் பை, மேலே ஒரு காகித மடிப்பு. விலை 2 ஷில்லிங்.

அதை விற்ற இடம் வுல்வொர்த்ஸ். பிரிட்டனின் ஊர் ஊருக்கு இருந்த சங்கிலிக் கடை. பென்சில், மிட்டாய், பாத்திரம் வாங்கப் போகிற இடத்தில் கப்பலும் தொங்கியது. பள்ளி விட்டு வரும் பையன் கையில் இருக்கும் சில்லறைக்கு ஒரு கப்பல் கிடைத்தது. பொழுதுபோக்கு பரவியதற்கு விளம்பரத்தைவிட இந்த 'கண்ணில் படுவது' பெரிய காரணம்.

பிறகு என்ன ஆனது?

- 2006: ஏர்ஃபிக்ஸை வைத்திருந்த ஹம்ப்ரால் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது. மாடல் ரயில் நிறுவனமான ஹார்ன்பி, இரண்டு பிராண்டுகளையும் 26 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது.
- 2008-09: வுல்வொர்த்ஸ் சரிந்தது. 800-க்கும் மேற்பட்ட கடைகள் 2009 ஜனவரி 6-க்குள் மூடப்பட்டன. சுமார் 27,000 பேர் வேலை இழந்தார்கள்.
- 2013: மாடல் பொருட்களுக்கென்றே 47 கடைகள் வைத்திருந்த மாடல்ஸோன் திவால் நடவடிக்கைக்குள் போய், அந்தக் கோடையிலேயே எல்லாக் கடைகளும் மூடின.
- 2024: ஹாட்டன்ஸ் அறிவிப்பு.

வரிசையைக் கவனியுங்கள். பெரிய சங்கிலிகள் போன பிறகு, கடைத்தெருவில் மிச்சமிருப்பது பெரும்பாலும் ஒரு முதலாளி, ஓரிரு ஊழியர்கள் என்று ஓடும் தனிக் கடைகள்தான்.

ஆன்லைனில் ஏன் விலை குறைவாக இருக்கிறது?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். இதில் வரும் கொள்முதல் விலை புரிவதற்காக நாம் வைத்துக்கொண்ட எண். பிரிட்டனின் 20% மதிப்புக் கூட்டு வரி மட்டும் உண்மையான விகிதம்.

ஒரு கிட்டின் பெட்டி விலை 30 பவுண்ட். அதில் வரி 5 பவுண்ட் அரசுக்குப் போய்விடும். மீதி 25. கடைக்காரர் அதை 17 பவுண்டுக்கு வாங்கியிருந்தால், கையில் நிற்பது 8 பவுண்ட். அதிலிருந்துதான் வாடகை, மின்சாரம், சம்பளம், கார்டு மெஷின் கட்டணம் எல்லாம்.

இப்போது ஆன்லைனில் ஒருவர் அதே கிட்டை 15% தள்ளுபடியில் 25.50-க்குக் கொடுக்கிறார். வரி 4.25 போக 21.25. அதில் 17 போனால் நிற்பது 4.25. பார்த்தீர்களா? வாங்குபவருக்கு விலை 15% தான் குறைகிறது. விற்பவரின் கைக்காசு ஏறக்குறைய பாதியாகிறது. 10 பெட்டி விற்று சம்பாதித்ததை இனி 19 பெட்டி விற்றுத்தான் சம்பாதிக்க முடியும்.

ஊருக்கு வெளியே குடோன் வைத்து நாடு முழுக்க அனுப்புகிறவரால் அந்த 19 பெட்டியை விற்க முடியும். ஒரு சின்ன ஊரின் கடைத்தெருவில் இருப்பவரால் முடியாது. அந்த 19 பேர் அந்த ஊரிலேயே இருக்க மாட்டார்கள். இதில் கடைக்காரரின் பேராசையும் இல்லை, ஆன்லைன்காரரின் மாயமும் இல்லை. எண்ணிக்கைதான் வித்தியாசம்.

கூடவே சொத்து வரி. இங்கிலாந்தில் சில்லறைக் கடைகளுக்கான வணிகச் சொத்து வரியில் 2025 மார்ச் வரை 75% சலுகை இருந்தது. ஏப்ரல் 2025-ல் தொடங்கிய நிதியாண்டில் அது 40% ஆகக் குறைக்கப்பட்டது. மிகச் சிறிய கடைகளுக்குத் தனிச் சலுகை உண்டு. நடுத்தர அளவுக் கடைக்குத்தான் இடி.

வெளிநாட்டுப் பார்சல்களுக்கு வரி இல்லையா?

முன்பு ஒரு ஓட்டை இருந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் 15 பவுண்ட் வரையிலான சிறு பார்சல்களுக்கு பிரிட்டனில் மதிப்புக் கூட்டு வரி கிடையாது. அதே பொருளை உள்ளூர்க் கடையில் வாங்கினால் 20% உண்டு. 2021 ஜனவரி 1 முதல் இந்தச் சலுகை ரத்தானது. இப்போது 135 பவுண்ட் வரையிலான ஆர்டர்களுக்கு, விற்கும்போதே விற்பவர் வரியை வசூலிக்க வேண்டும். ஆக, இந்த ஒரு விஷயத்தில் களம் கொஞ்சம் சமமானது.

எல்லாரும் ஒரே விலைக்கு விற்கணும்னு தயாரிப்பாளர் சொல்லலாமே?

நல்ல கேள்வி. சொல்லக் கூடாது என்பதுதான் சட்டம். தயாரிப்பாளர் ஒரு விலையைப் பரிந்துரைக்கலாம். "இதற்குக் கீழே விற்காதே" என்று கட்டாயப்படுத்தினால் அது பிரிட்டனின் போட்டிச் சட்டத்துக்கு எதிரானது.

இது வெறும் ஏட்டுச் சட்டம் இல்லை. இன்னொரு பொழுதுபோக்குத் துறையில் நடந்ததைப் பாருங்கள். ஆன்லைன் கடைகள் தள்ளுபடி கொடுப்பதைத் தடுத்ததற்காக, இசைக்கருவி நிறுவனங்கள் மீது பிரிட்டனின் போட்டி ஆணையம் நடவடிக்கை எடுத்தது. கேசியோவுக்கு 2019-ல் 37 லட்சம் பவுண்ட், ஃபெண்டருக்கு 2020-ல் 45 லட்சம் பவுண்ட் அபராதம். வாங்குபவருக்குக் குறைந்த விலை கிடைப்பதை யாரும் தடுக்கக் கூடாது என்பது அரசின் நிலைப்பாடு.

இதற்கு நேர் எதிர் பாதையும் இருக்கிறது. பிரான்ஸில் 1981-ல் வந்த சட்டப்படி, புதிய புத்தகத்துக்கு எந்தக் கடையும் 5%-க்கு மேல் தள்ளுபடி தர முடியாது. 2023 அக்டோபர் முதல், 35 யூரோவுக்குக் குறைவான புத்தக ஆர்டர்களுக்கு ஆன்லைன் கடைகள் குறைந்தது 3 யூரோ டெலிவரி கட்டணம் வாங்கியே ஆக வேண்டும். தெருவோரப் புத்தகக் கடையைக் காப்பாற்றவே இந்த ஏற்பாடு. ஆனால் அது புத்தகத்துக்கு மட்டும். மாடல் கிட்டுக்கு அப்படி ஒரு கவசம் கிடையாது.

தயாரிப்பாளரே போட்டிக்கு வந்தால்?

இன்னொரு திருப்பம் இது. ஹார்ன்பி இப்போது ஏர்ஃபிக்ஸ் கிட்களைத் தன் இணையதளத்தில் நேரடியாகவே விற்கிறது. கடைக்காரருக்குச் சரக்கு கொடுப்பதும் அவர்கள்தான், பக்கத்திலேயே கடை விரித்திருப்பதும் அவர்கள்தான். நேரடியாக விற்றால், நடுவில் கடைக்குப் போகும் பங்கு தயாரிப்பாளருக்கே கிடைக்கும். நிறுவனத்தின் பார்வையில் இது நியாயம்தான். ஆனால் புதுசாக ஒரு சிறுவனை இந்தப் பொழுதுபோக்குக்குள் இழுத்து வருவது யார் என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. இணையதளத்துக்கு வருகிறவர் ஏற்கெனவே தேடி வருகிறவர். கடை ஜன்னலைப் பார்த்து நிற்பவர் தேடாமல் வந்தவர்.

சரி, கடையில் அப்படி என்ன கிடைக்கிறது?

1. பெயின்ட். பல ஹாபி பெயின்ட்களும் தின்னர்களும் எளிதில் தீப்பற்றக் கூடியவை. தீப்பற்றும் பெயின்ட்களை ராயல் மெயில் தபாலில் அனுப்பத் தடை இருக்கிறது. தண்ணீர் கலந்த பெயின்ட்களை அளவுக்கு உட்பட்டு அனுப்பலாம். மற்றவற்றுக்குத் தனி கூரியர் வேண்டும், செலவு கூடும். ஹம்ப்ராலின் குட்டி டின்னில் இருப்பதே 14 மி.லி. பெயின்ட். அந்த ஒரு டின்னுக்காக கூரியர் காசு கொடுப்பது கட்டுபடியாகாது. கடையில் போய் ஒரே ஒரு டின் வாங்கலாம்.

2. கேட்டால் பதில். "இந்தப் பசை இந்த பிளாஸ்டிக்கைக் கரைச்சிடுமா?" "எனாமல் மேல அக்ரிலிக் அடிக்கலாமா?" "எட்டு வயசுப் பொண்ணுக்கு முதல் கிட், எதை எடுக்கலாம்?" இவற்றுக்கெல்லாம் வீடியோக்களும் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் உங்கள் கையில் இருக்கும் பெட்டியைப் பார்த்து, "இது வேணாம், றெக்கை சரியா உட்காராது, பக்கத்துல இருக்கறத எடுங்க" என்று சொல்வது அந்தக் கிட்டைச் செய்து பார்த்த மனிதர். முதல் கிட் கோணலாகிப் போனால் பலர் இரண்டாவதைத் தொடுவதே இல்லை. அந்த ஒரு வாக்கியத்தின் மதிப்பு அங்கேதான்.

3. தாமதம் இல்லை. சனிக்கிழமை மதியம் பசை தீர்ந்தால், சனிக்கிழமை மாலையே வேலை தொடரலாம்.

4. மனிதர்கள். பல ஊர்களில் மாடல் கிளப்பின் அறிவிப்புத் தாள் ஒட்டியிருப்பது அந்த ஊர் ஹாபி கடையின் கண்ணாடியில்தான். 1963-ல் பிரிட்டனில் தொடங்கிய சர்வதேச பிளாஸ்டிக் மாடல் சங்கத்துக்கு நாடு முழுக்கக் கிளைகள் உண்டு. தனியாக வீட்டு மூலையில் உட்கார்ந்து ஒட்டுகிறவருக்கு, தன்னைப்போல இன்னும் பத்து பேர் இதே ஊரில் இருக்கிறார்கள் என்று தெரியவருவது பெரும்பாலும் இப்படித்தான்.

அப்போ ஆன்லைன் கெட்டதா?

இல்லவே இல்லை. ஆன்லைன் பக்கம் இருக்கும் நியாயங்களையும் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, எல்லா ஊரிலும் கடை இல்லை. அருகில் இருக்கும் கடைக்கு இரண்டு மணி நேரப் பயணம் என்றால், "உள்ளூர்க் கடையை ஆதரியுங்கள்" என்பது வெறும் உபதேசம். நடமாட்டச் சிரமம் உள்ளவர்களுக்கும், குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருப்பவர்களுக்கும் இணையம்தான் கடை.

இரண்டாவது, ரகம். ஒரு சின்னக் கடை எத்தனை பெட்டியை அடுக்க முடியும்? செக் குடியரசிலோ உக்ரைனிலோ ஒரு சிறு நிறுவனம் குறைந்த எண்ணிக்கையில் வெளியிடும் அரிய விமான கிட், உள்ளூர் அலமாரியில் இருக்க வாய்ப்பு குறைவு.

மூன்றாவது, சட்டப் பாதுகாப்பு. பிரிட்டனில் ஆன்லைனில் வாங்கிய பொருளை, காரணமே சொல்லாமல் 14 நாட்களுக்குள் ரத்து செய்யலாம். கடையில் நேரில் வாங்கியதற்கு அந்த உரிமை கிடையாது. கடைக்காரர் மாற்றித் தந்தால் அது அவர் நல்ல மனசு. ஆனால் பொருளில் குறை இருந்தால், எங்கே வாங்கியிருந்தாலும் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கும் உரிமை 2015 நுகர்வோர் சட்டப்படி உண்டு.

இன்னொன்று. தூரத்தில் இருந்து வாங்குவது இணையத்தோடு வந்த பழக்கமும் இல்லை. மாடல் பத்திரிகைகளின் பின்பக்கங்களில் தபால் ஆர்டர் விளம்பரங்கள் பல பத்தாண்டுகளாக வந்துகொண்டுதான் இருந்தன. கடையும் தபாலும் அருகருகே வாழ்ந்த காலம் நீண்டது.

கடையை உண்மையில் கொல்வது எது?

கடைக்கே போகாமல் ஆன்லைனில் வாங்குகிறவரால் கடைக்கு ஒரு விற்பனை போகிறது, அவ்வளவுதான். இதைவிட வலிக்கும் பழக்கம் வேறு. கடைக்குப் போய், பெட்டியைத் திறந்து பார்த்து, கடைக்காரரிடம் அரை மணி நேரம் சந்தேகம் கேட்டு, பிறகு வாசலில் நின்று போனில் விலை பார்த்து வேறு இடத்தில் ஆர்டர் போடுவது. கடைக்குச் செலவாகும் விஷயங்களான இடம், சரக்கு, நேரம் எல்லாவற்றையும் பயன்படுத்திக்கொள்கிறோம். அவற்றுக்கான காசு மட்டும் வேறு ஒருவருக்குப் போகிறது.

"நான் பெயின்ட், பசை எல்லாம் கடையிலதான் வாங்குறேன், பெட்டி மட்டும் ஆன்லைன்" என்பவர்களும் உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் மேலே போட்ட கணக்கை மறுபடி பாருங்கள். ஒரு பெட்டியில் நிற்கும் 8 பவுண்டை, குட்டி டின்களில் எடுக்க எத்தனை டின் விற்க வேண்டும்? பெட்டி விற்பனைதான் டின் அலமாரியைத் தாங்குகிறது. பெட்டி போனால் கொஞ்ச நாளில் டின்னும் போகும்.

கடை vs ஆன்லைன் என்ற சண்டையே சரியா?

இங்கேதான் ஹாட்டன்ஸ் கதை உதவுகிறது. அது பல பத்தாண்டுகள் லிவர்பூல் தெருக்கடையாக இருந்தது, 2016-ல் விட்னஸ் நகருக்கு இடம் மாறியது, இணையத்தில் பெரிதாக வளர்ந்தது, கடைசியில் மூடியது. பெரிய அளவு, நல்ல இணையதளம் இரண்டும் இருந்தும் தப்பவில்லை.

அதே சமயம், இன்றைக்கு உயிரோடு இருக்கும் பல தெருக்கடைகளுக்குச் சொந்த இணையதளம் இருக்கிறது. கவுன்டரில் விற்றுக்கொண்டே பின்பக்க அறையில் பார்சல் கட்டுகிறார்கள். வாரக்கடைசியில் கண்காட்சிகளில் மேஜை போடுகிறார்கள். ஒவ்வொரு நவம்பரிலும் டெல்ஃபோர்டில் நடக்கும் 'ஸ்கேல் மாடல்வேர்ல்டு' போன்ற நிகழ்வுகளுக்கு வியாபாரிகள் திரளுவது இதற்காகத்தான்.

ஆக, 'எங்கே வாங்குகிறோம்' என்பதைவிட 'யாரிடம் வாங்குகிறோம்' என்ற கேள்விதான் உருப்படியானது. பெரிய சந்தைத் தளத்தில் பெயர் தெரியாத விற்பனையாளரிடம் வாங்குவதும் ஆன்லைன்தான். உங்கள் மாவட்டத்து ஹாபி கடையின் இணையதளத்தில் வாங்குவதும் ஆன்லைன்தான். விளைவு இரண்டுக்கும் வேறு.

இந்தியாவில் இருந்து பார்த்தால்?

நமக்கும் இந்தக் கதையில் ஒரு ஓரம் உண்டு. சில ஆண்டுகள் ஏர்ஃபிக்ஸ் பெட்டிகள் பலவற்றில் 'மேட் இன் இந்தியா' என்று அச்சாகி வந்தது. அவை இந்தியாவில் வார்க்கப்பட்டு பிரிட்டனுக்குப் போனவை.

ஆனால் இங்கே விற்கும் கடைக்காரரின் நிலைமை வேறு. சுங்க வகைப்பாட்டில் அளவு சுருக்கிய மாடல்கள், பொம்மைகளோடு 9503 என்ற ஒரே தலைப்பில் வருகின்றன. பொம்மைகளுக்கான இறக்குமதித் தீர்வை 2020 பட்ஜெட்டில் 20%-லிருந்து 60% ஆகவும், 2023 பட்ஜெட்டில் 70% ஆகவும் உயர்ந்தது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காக்க எடுத்த முடிவின் நிழல், ஜப்பானிய விமான கிட்டை வரவழைக்கும் சின்ன ஹாபி கடை மீதும் விழுகிறது. "வெளிநாட்டு விலையைவிட இவ்வளவு கூடவா?" என்று கடைக்காரரிடம் கோபப்படும் முன் இதையும் நினைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து நீங்களே வரவழைத்தாலும் சுங்கம் உண்டு. விகிதங்கள் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும் என்பதால், ஆர்டர் போடும் அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள்.

வாங்கும் முன் 5 கேள்விகள்

1. மொத்தச் செலவு எவ்வளவு? 30 பவுண்ட் கிட் ஆன்லைனில் 25.50, டெலிவரி 4 பவுண்ட் என்றால், மிச்சம் வெறும் 50 பென்ஸ். பெயின்டும் பசையும் சேர்த்துப் பாருங்கள்.
2. கடையில் கேட்டீர்களா? அலமாரியில் இல்லாததையும் பல கடைகள் அடுத்த சரக்கோடு வரவழைத்துத் தரும். ஒரு போன் போதும்.
3. கடைக்கே இணையதளம் இருக்கிறதா? இருந்தால் வீட்டில் உட்கார்ந்தே அவர்களிடம் வாங்கலாம்.
4. யாரிடம் ஆலோசனை கேட்டீர்கள்? அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தவரிடம் அந்தப் பெட்டியையாவது வாங்குங்கள்.
5. பாகம் குறைந்தால் யார் பொறுப்பு? முதலில் விற்றவர்தான். விற்றவரின் முகவரி, திருப்பி அனுப்பும் விதிகள் தெளிவாக இல்லாத இடத்தில் விலை எவ்வளவு குறைந்தாலும் யோசியுங்கள்.

கடைசியாக

பரிதாபப்பட்டு ஒரு கடையில் வாங்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. சரக்கும் வைக்காமல், கேட்டால் முகமும் கொடுக்காத கடையை ஆதரிப்பதில் பொழுதுபோக்குக்கு ஒரு நன்மையும் கிடையாது. ஆனால் நல்ல கடை ஒன்று பக்கத்தில் இருந்தால், அங்கே கூடுதலாகக் கொடுக்கும் இரண்டு மூன்று பவுண்ட் தானம் இல்லை. அடுத்த முறை பசை தீரும்போதும், பக்கத்து வீட்டுப் பிள்ளை முதல் கிட் கேட்கும்போதும் அந்தக் கதவு திறந்திருப்பதற்கான கட்டணம். அது உங்களுக்குத் தேவையா, இல்லையா என்பதை வாங்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். கடை மூடிய பிறகு வருத்தப்பட்டுப் பலன் இல்லை.